எதுக்கு இந்த வேண்டாத சோலி?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் முடிவு, அதற்குப் பின்னால் ஆடிட், அதற்கும் பின்னால் வழக்கமான சோம்பேறித்தனம். இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஒரு போன்தான் உட்கார வைத்துவிட்டது.

தென்காசியிலிருந்து அத்தை. அதாவது தங்கமணியின் அம்மா. வழக்கமாக "அங்க குளிரு எப்படி இருக்கு, காய்கறி என்ன வெல" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "ஏன் மாப்ளே, பொம்பளப் புள்ளைய பனிமலையில ஏற அனுப்பப் போறீயளாமே? எதுக்கு இந்த வேண்டாத சோலி?"

விஷயம் இதுதான். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, கல்லூரியில் முதலாண்டு. உத்தரகாசியில் இருக்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படை வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள். ஏறத்தாழ நான்கு வாரம். 1965-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. 1984-ல் எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் பயிற்சி பெற்றது அங்கேதான். அவர் உத்தரகாசிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நாங்கள் இருக்கும் டேராடூனிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். படிவத்தை மகள் நிரப்பிவிட்டாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. இரண்டு வாரமாக அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்குகிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறது.

அத்தைக்கு நான் சொன்ன பதில்: "பாப்போம் அத்தை, இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல." இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களை இழுத்தடிக்க நான் பயன்படுத்தும் அதே வாக்கியம். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுபது வயதில் பேத்தியை நினைத்துப் பயப்படுகிறார், அது அவர் உரிமை. என் கோபமெல்லாம் என்னைப் போன்ற, என் வயதுக்காரர்கள் மேல்தான். பிழைப்புக்காக ஊரை விட்டு மூவாயிரம் கிலோமீட்டர் வந்து, வந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நம் மேல்.

"வேண்டாத சோலி" என்ற தலைப்பின் கீழ் நம் வீடுகளில் என்னென்ன வரும் என்று பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்வது. சைக்கிளில் ஆபீஸ் போவது. மலை ஏறுவது. படகில் போவது. கதை எழுதுவது. எழுதியதைப் போட்டிக்கு அனுப்புவது. பையனை நாடகத்தில் சேர்ப்பது. சரி, வேண்டிய சோலி எது? சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்குத் தவணை கட்டுவது, டியூஷன், டெல்லியிலிருந்து இட்லி அரிசி வரவழைப்பது, இரவு எட்டு மணிக்கு சீரியல். நானும் இதைத்தான் செய்கிறேன். ஆனால் இதற்கு மட்டுமா இவ்வளவு தூரம் வந்தோம்?

டேராடூனில் நாலு வருஷமாக இருக்கிறேன். இங்கே ஐம்பதுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் எனக்குப் பழக்கம். வங்கி, ராணுவம், ஆராய்ச்சிக்கூடம், மருந்துக் கம்பெனி என்று பல வேலை. ஊருக்கு வடக்கே அண்ணாந்து பார்த்தால் முசௌரி. அங்கே ஜார்ஜ் எவரெஸ்ட் குடியிருந்த வீடு இருக்கிறது. (எந்த அளவைப் பணியில் அவர் தலைமை வகித்தாரோ அது 1802-ல் தொடங்கியது நம்ம பரங்கிமலைப் பக்கத்தில். அங்கே ஆரம்பித்துத் தரையை அளந்துகொண்டே இமயமலை வரை வந்தார்கள். நாம் ரயிலில் தூங்கிக்கொண்டு வந்த தூரம்.) அந்த வீட்டைக்கூட நம் ஆட்களில் பாதிப்பேர் பார்க்கவில்லை. 3,022 மீட்டர் உயர நாக் திப்பாவுக்கு இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் சனி ஞாயிறில் போய்வருகிறார்கள். நம் குடும்பங்களில் போனவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். கட்டை விரல் மிச்சம் இருக்கும்.

கங்கைக்கு மட்டும் எல்லாரும் போவோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹரித்வார், ரிஷிகேஷ், முங்கு, கேனில் தண்ணீர், திரும்பு. இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு மே மாதம் ஆபீஸ் நண்பர்களோடு சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர் ராஃப்டிங் போனேன். மகளும் வந்தாள். தங்கமணி வரமாட்டேன் என்று சொல்லி, வண்டியிலேயே ரிஷிகேஷ் போய்க் காத்திருந்தார். ஏற்கெனவே வீட்டில் ஒரு வாரம் விவாதம். "சுகர் இருக்கிற மனுஷன்", "இருக்கிறது ஒரே புள்ள" என்று எல்லா வாதமும் வந்து போயிருந்தது.

படகில் ஏறுமுன் வழிகாட்டிப் பையன் கால் மணி நேரம் பாடம் எடுத்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம், கட்வாலி. லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை ஒவ்வொருவருக்கும் அவனே இழுத்துப் பார்த்தான். ஹெல்மெட் வாரை இறுக்கினான். துடுப்பின் மேல் நுனியில் இருக்கும் பிடியைக் கையிலிருந்து விடவே கூடாது, விட்டால் பக்கத்தில் இருப்பவன் பல் போய்விடும் என்றான். விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னான். மல்லாந்து படு, காலை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மேலே தூக்கி வை, எழுந்து நிற்க மட்டும் முயற்சி செய்யாதே, கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் உன்னை அப்படியே மடக்கி அழுத்திவிடும். மீட்புக்கென்று ஒரு சின்னக் கயாக் படகு எங்களுக்கு முன்னால் தனியாக வந்தது.

நான் விழுந்தேன். ரோலர் கோஸ்டர் என்ற சுழிப்பைத் தாண்டி, கோல்ஃப் கோர்ஸ் என்ற அடுத்ததில். (பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அங்கே புல் ஒன்றும் கிடையாது.) மே மாத வெயில் தலையைப் பிளக்கிறது, தண்ணீரோ பனி உருகி வருவது. மூச்சு உள்ளேயே நின்றுபோயிற்று. தாமிரபரணியில் நீச்சல் பழகியவன் நான், பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் மேலேயிருந்து குதித்திருக்கிறேன். அந்த நீச்சல் இங்கே நயா பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பையன் சொன்னது மட்டும்தான் ஞாபகம் வந்தது. மல்லாந்து படுத்தேன், காலைத் தூக்கினேன். அரை நிமிஷம் இருக்கலாம். எனக்கு அது ஒரு நிதியாண்டு. பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இரண்டு பேர் என்னை மூட்டை மாதிரி படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். ஒருவன் வழிகாட்டி. இன்னொரு கை என் மகளுடையது.

சோப்பு வாங்கி வரச் சொன்னால் மறந்துவிட்டு வரும் பிள்ளை அது. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தபடி சரியான பட்டையை, சரியாகப் பிடித்து இழுத்தது.

கரையில் இறங்கியதும் தங்கமணியிடம் சொல்லாமலிருக்க உடன்பாடு போட்டோம். நண்பர் ஒருவர் டீக்கடையில் ரசித்துச் சொல்லிவிட்டார். மூன்று நாள் சாம்பாரில் உப்பு இல்லை :-)

இப்போது நான் கேட்க வந்த கேள்வி. ஹெல்மெட், ஜாக்கெட், பயிற்சி பெற்ற ஆள், மீட்புப் படகு எல்லாம் வைத்துக்கொண்டு ஆற்றில் போவது நம் குடும்பங்களுக்கு "ஆபத்து". அதே ஆற்றில், அதே குளிர்ந்த வேகத் தண்ணீரில், வேட்டியோ பன்னிரண்டு முழப் புடவையோ கட்டிக்கொண்டு, நீச்சல் தெரியாத பெரியவர்களைப் படித்துறையில் சங்கிலி இருக்கும் இடம் தாண்டி இறக்கிவிடுவது "புண்ணியம்". நானே செய்திருக்கிறேன். என் சித்தப்பாவை அப்படி இறக்கி, கால் வழுக்கி, அடுத்த படியில் நின்ற ஒரு பீகார்க்காரர் பிடித்தார். அதை வீட்டில் யாரும் ஆபத்து என்று பேசவில்லை. கங்கை மாதா காப்பாற்றினாள் என்று பேசினோம். பீகார்க்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாகக்கூட நினைவில்லை.

டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டு தமிழில் எழுதிய ஆதவனை உங்களில் சிலராவது படித்திருப்பீர்கள். ஆபீஸ் போய்வரும் நம் மாதிரி ஆட்களைப் பற்றி அவரை விட நன்றாக எழுதியவர்கள் குறைவு. 1987 ஜூலையில் சிருங்கேரியில் ஆற்றுச் சுழலில் சிக்கி இறந்துபோனார். நாற்பத்தைந்து வயதுதான், என்னை விடச் சின்னவர். சாகித்திய அகாதமி விருது அதற்குப் பிறகுதான் வந்தது. அது சாகச விளையாட்டு இல்லை, குடும்பங்கள் போகிற கோயில் ஊர். தண்ணீர் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்ப்பதில்லை. கற்றுக்கொண்டு இறங்கினாயா, கற்காமல் இறங்கினாயா என்பதில்தான் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் வேண்டாத சோலி என்கிறோம்.

சரி, மலையிலும் தண்ணீரிலும் உயிர்பயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். காகிதத்தில் என்ன பயம்?

சென்ற பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் ஒரு பள்ளி மைதானத்தில் கூடினோம். பிள்ளைகளுக்குக் கோலம், திருக்குறள், பேச்சு. பெரியவர்களுக்கு ஒரு எழுத்துப் போட்டி வைக்கலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் தமிழில் இரண்டு பக்கம். கதை, கட்டுரை, கடிதம், எதுவானாலும் சரி. ஒரு மாதம் அவகாசம். நூறு பெரியவர்களாவது இருப்போம். வந்தது மூன்று.

ஒன்று, நாம் எல்லாரும் குறைந்தது ஐந்து தடவை வாட்ஸ்அப்பில் பார்த்த "அம்மா" கட்டுரை. கீழே பெயர் மட்டும் புதிது. இரண்டாவது, மகன் வீட்டோடு வந்து இருக்கும் ஒரு அம்மா பென்சிலால் எழுதியது. தன் ஊர்க் கிணற்றில் தூர் வாரின கதை. எழுத்துப் பிழை வரிக்கு இரண்டு, ஆனால் படித்து முடிக்கையில் சேற்று வாடை அடித்தது. மூன்றாவது, செலாகுயில் மருந்துக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் இருபத்து நாலு வயதுப் பையன், இரவு மூன்று மணிக்கு ஊருக்குப் போன் பண்ண முடியாததைப் பற்றி எழுதியது.

எனக்கு முடிவு தெளிவாக இருந்தது. அந்த அம்மாவுக்கு முதல் பரிசு, பையனுக்கு இரண்டாவது, காப்பியடித்ததற்கு ஒன்றும் கிடையாது. கூட்டத்தில் முனகல். "எதுக்கு சார் மனஸ்தாபம், நாலு பேரு ஒண்ணா இருக்கறதே பெரிசு. மூணு பேருக்கும் ஒரே மாதிரி குடுத்துருவோம்." பிள்ளைகள் போட்டியிலும் அதுதான் நடந்தது. பேச்சுப் போட்டியில் பதினோரு பேர், பதினோரு முதல் பரிசு, பதினோரு எவர்சில்வர் டப்பா. அதில் ஒன்பது பேச்சு அப்பாக்கள் எழுதியது. அதில் மூன்று பேச்சில் ஒரே பத்தி. கேட்டால், "தோத்துட்டோம்னு புள்ளை மனசு ஒடஞ்சுரும் சார்."

உடையட்டுமே! எட்டு வயதில் டப்பா கிடைக்காமல் உடையும் மனசு ராத்திரி தோசை சாப்பிடும்போது ஒட்டிக்கொள்ளும். அந்த உடைசலைத் தள்ளிப்போட்டு இருபத்திரண்டு வயதில், முதல் இன்டர்வியூவில், விடுதி அறையில், பக்கத்தில் யாருமில்லாத ஊரில் வைத்துக் கொடுக்கப் போகிறோம். எந்த வாடிக்கையாளரும் வட்டியில்லாமல் தவணையைத் தள்ளிப்போட முடியாது. இது மட்டும் முடியும் என்று எப்படி நம்புகிறோம்?

அந்த மூவருக்கும் ஒரே பரிசு கொடுத்தோம். எதிர்த்துப் பேசிய நான் கடைசியில் வாயை மூடிக்கொண்டு கைதட்டினேன். கிணற்றைப் பற்றி எழுதிய அந்த அம்மாவின் பக்கங்களை யாரும் மேடையில் வாசிக்கக்கூட இல்லை. நேரமாகிவிட்டது, பந்தி போட்டாயிற்று.

இதன் பணம் பறிக்கும் அவதாரமும் வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் கட்டினால் கலந்துகொண்ட அனைவருக்கும் சான்றிதழ் என்று கவிதைப் போட்டி. கயிற்றில் தொங்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் துணிச்சல் சான்றிதழ் என்று சாகசப் பூங்கா. இரண்டையும் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. யாரும் தோற்க முடியாத இடத்துக்குப் போட்டி என்று பெயர் வைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இதற்கு எதிர் அனுபவமும் எனக்கு உண்டு, அது நம் ஆட்களுக்குப் பிடிக்காத இடத்தில் கிடைத்தது. செப்டம்பரில் வங்கிகளில் ஹிந்திப் பதினைந்து நாள் விழா நடக்கும், தெரியுமில்லையா? ஆட்சிமொழி பற்றிய 1976-ம் வருஷத்து விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றுதான் தொடங்குகின்றன. அந்த நீங்கலுக்குள் இருந்தவரை எனக்குக் கவலை இல்லை. மாற்றலாகி இங்கே வந்ததும் கட்டுரைப் போட்டியில் பெயர் கொடுத்தேன். ஹிந்தித் திணிப்பில் எனக்கு ஒரு சம்மதமும் கிடையாது, அது வேறு விவகாரம். கவுண்டரில் வரும் கட்வாலிப் பாட்டி பென்ஷனைப் பற்றிக் கேட்டால் எனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். ஹிந்தி பேசாதோர் பிரிவில் நான்கு பேர். நான் நான்காவது. அரசாங்கத்தை ஆண்பாலாக்கிக் கட்டுரை முழுக்க "சர்க்கார் கர்தா ஹை" என்று எழுதியிருந்தேன். சர்க்கார் ஹிந்தியில் பெண்பால் என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. எல்லார் முன்னாலும் அதை வாசித்துச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வருஷம் மூன்றாவது. ஒரு சுவர்க்கடிகாரம். சமையலறையில் ஓடுகிறது. இன்றைக்கு வரை நான் சர்க்காரைத் தப்பாகச் சொன்னதில்லை. வகுப்பில் கற்றிருந்தால் மறந்திருப்பேன்.

"அதெல்லாம் சரிதான், மலையில போய் செத்தா?" இதைக் கேட்டது அத்தை இல்லை, தங்கமணி. பொய்யான கேள்வி இல்லை இது. 2022 அக்டோபர் 4-ம் தேதி, இதே நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். அதே வருஷம் மே மாதம்தான் எவரெஸ்ட், மகாலு இரண்டிலும் ஏறியிருந்தார். தங்கமணி இந்தச் செய்தியை எடுத்துப் படித்துக் காட்டியபோது என்னிடம் பதில் இல்லை. நான்கு வருஷமாக மலையடிவாரத்தில் இருக்கிறோம், ஒவ்வொரு மழைக்காலத்திலும் எத்தனை செய்தி கேட்கிறோம். மலையை ஜெயிப்பது அது இது என்று பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனாலும் ஒன்று சொன்னேன். நம் ஊரில் 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள், நிறையப் பெண்கள், இறந்தார்கள். அன்றைக்கு நம் வீடுகளில் எல்லாரும் என்ன சொன்னோம்? "இவங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" செத்தவர்களைத் திட்டினோம். புல் காய்ந்து கிடக்கும் மார்ச்சில் அந்தப் பாதையில் யார் போகவிட்டது, அனுமதி யார் கொடுத்தது, தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரிந்த ஆள் கூட இருந்தாரா என்ற கேள்விகளையெல்லாம் வேறு யாரோ கேட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 மலைப்பாதைகளை முன்பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. பயத்தை நாலு நல்ல கேள்விகளாக மாற்றினால் ஒரு ஏற்பாடு பிறக்கிறது. வசவாக மாற்றினால் ஒன்றும் பிறப்பதில்லை.

கடன் பிரிவில் இருப்பவனுக்கு இது புதிதில்லை. ரிஸ்க்கே இல்லாத விண்ணப்பம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ரிஸ்க் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்பவன் நல்ல அதிகாரி இல்லை, வேலையைத் தட்டிக்கழிப்பவன். கேட்பதைக் கேள், பார்க்க வேண்டிய காகிதத்தைப் பார், நேரில் போய் இடத்தைப் பார், பிறகு கையெழுத்துப் போடு அல்லது காரணம் எழுதி மறு. நாம் பிள்ளைகளை ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி வைத்திருக்கிறோம். அந்த டெபாசிட்டுக்கே 2020 பிப்ரவரிக்கு முன் ஒரு லட்சம்தான் காப்பீடு. அதற்குப் பிறகு ஐந்து லட்சம். மிச்சத்துக்கு நம்பிக்கைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டில் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். எங்கள் குடும்பக் குழுவில் அன்றைக்கு எத்தனை கைதட்டல் பொம்மைகள்! "தமிழச்சிடா!" என்று போட்ட அதே மைத்துனர்தான் போன வாரம் என் மகளிடம், "அதெல்லாம் அவங்களுக்கு, உனக்கெதுக்கு பாப்பா?" என்றார். அடுத்த வீட்டுப் பெண் ஏறினால் இனப்பெருமை. நம் வீட்டுப் பெண் ஏறினால் வேண்டாத சோலி.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் மகளே இதைப் படித்துச் சிரிப்பாள்.

போன புதன்கிழமை ராத்திரி அவளிடம் இதையெல்லாம்தான் முழங்கிக்கொண்டிருந்தேன். தோற்கப் பழக வேண்டும், பயப்படக் கூடாது, இத்யாதி. பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்பா, பொங்கல் போட்டிக்கு நீங்க ஏன் எழுதல?" என்றாள். நான் நடுவராச்சே என்றேன். "நடுவரா நீங்களே பேர் குடுத்துக்கிட்டீங்க. எழுதறதத் தவிர்க்கத்தானே?"

என் மேஜை டிராயரில் ஒரு சிறுகதை இருக்கிறது. முதல் பிரதி 2009-ல் எழுதியது. அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி. அதை மூன்று ஊருக்குத் தூக்கிக்கொண்டு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டி அறிவிப்பு வரும், எடுத்துப் படிப்பேன், நாலு வார்த்தை திருத்துவேன், கடைசித் தேதி போய்விடும். கங்கையில் விழுந்ததைப் பத்து பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாயிற்று. ஹிந்தியில் தோற்றதைக்கூடச் சிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஹிந்தியில் தோற்றால் எனக்கு ஒன்றும் போகாது, அது என் பாஷை இல்லை. தமிழில், அப்பாவைப் பற்றி எழுதித் தோற்றால்? அங்கே மட்டும் நான் கரையில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

உமாசந்திரனின் முள்ளும் மலரும் நாவல் 1966-ல் கல்கி வெள்ளிவிழாப் போட்டிக்கு வந்து பரிசு வாங்கியது. 1978-ல் மகேந்திரன் அதைப் படமாக்கினார். அவர் அதை டிராயரில் வைத்திருந்தால் ரஜினிக்கு அந்தக் காளி இல்லை. என் கதை அந்த ரகமெல்லாம் இல்லை, எனக்கே தெரியும். ஆனால் பரிசு வாங்காத மற்றவர்களும் அன்றைக்கு எழுதி அனுப்பியிருப்பார்கள் அல்லவா? அவர்களில் ஒருவனாக இருக்கக்கூட எனக்கு இத்தனை வருஷமாகத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கதையைக் கவரில் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். எந்தப் போட்டி என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மருத்துவச் சான்றிதழ் முதலில், பிறகு அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பயிற்சி எந்தப் பனிப்பாறையில், ஆபத்து வந்தால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு, 2022-க்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவது என்று முடிவு. கேள்விகளைத் தங்கமணிதான் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினேழு. பக்கத்தில் அவர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலிதான். "பதில் வரட்டும், பாக்கலாம்" என்கிறார். இதை யாரிடம் கற்றார் என்று தெரியவில்லை :-)

அத்தைக்கு நாளைக்குப் போன் பண்ண வேண்டும். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது ஞாபகம் வந்தது. கதையில் நாலாவது பக்கத்தில் அப்பாவின் சைக்கிளை ராலே என்று எழுதியிருக்கிறேன், எட்டாவது பக்கத்தில் அது ஹெர்குலிஸ் ஆகிவிட்டது.